நியூட்ரான் சுவரில் விழுந்த நிழல்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் யாரிடமும் வாதாடப் போவதில்லை. என்னோடு வாதாடக்கூடிய ஒரே ஆள் இப்போது இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது. வெளியே கண் கூசும் வெயில். பேய் வருவதற்கு இருட்டு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இன்றைக்கும் எனக்கு ராத்திரியில் பயமில்லை, படுத்தால் தூங்கிவிடுவேன். மதியம் மூன்று மணி ஆனால்தான் வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

நானும் என் கணவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். அணுக்கருக்களை உடைக்கும் வேலை. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். உண்மையில் முக்கால்வாசி நேரம் கேபிளைச் செருகிப் பிடுங்குவதிலேயே போய்விடும்.

சாதாரண அணுக்கரு இறுக்கிப் பிடித்த உருண்டை மாதிரி. நாங்கள் ஆராய்ந்தது அப்படிப்பட்டதல்ல. லித்தியத்திலேயே நியூட்ரான் அளவுக்கு மிஞ்சிப்போன ஒரு வகை. நடுவில் ஒரு கரு. அதிலிருந்து வெகுதூரம் தள்ளி, வீட்டுக்குள் வரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் வாசலில் நிற்கும் விருந்தாளிகளைப் போல, இரண்டு நியூட்ரான்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் நிற்கும். மூன்றில் எதை எடுத்துவிட்டாலும் மீதி இரண்டும் சேர்ந்து நிற்காது. அந்தக் கணமே பிரிந்துவிடும்.

இயற்கையில் இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நாங்களே உண்டாக்க வேண்டும். உண்டாக்கினாலும் நொடியில் நூறில் ஒரு பங்குகூட உயிரோடு இருக்காது. அதற்குள் அதை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து ஒரு தகட்டில் மோதவிட வேண்டும். மோதி உடைந்ததும் துண்டுகள் எந்தத் திசையில், என்ன வேகத்தில் தெறித்தன என்று பிடித்துவிட்டால், உடைவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். ஆக, நாங்கள் எதைத் தேடினோமோ அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அது போன பிறகு விட்டுப்போனதை மட்டும்தான் பார்த்தோம்.

அந்தப் பரிசோதனையை மூன்று பேர் நடத்தினோம். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வரும் தகவலைப் பார்ப்பவள். என் கணவர், தெறிக்கும் துண்டுகளைப் பிடிக்கும் டிடெக்டர்களைக் கட்டியவர். ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி. அதனால் அவருக்கு அங்கே பெயர் கொக்கு. மூன்றாவது, முடுக்கியை இயக்குபவர். பீமை, அதாவது அந்த அணுக்கருக்கள் பாயும் கற்றையை, ஓட்டுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டிரைவர். எங்கள் இருவரையும்விட மூத்தவர். நாங்கள் அவரை அண்ணே என்போம். அவருக்கு நான் தங்கச்சி. மூன்று பேரும் ஒரே மேஜையில் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவர்கள். அவர் டப்பாவில் ருசியானது எதுவும் அவருக்கு மிஞ்சியதில்லை.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிறுவயதில் மதிலில் இருந்து விழுந்து இடது தோளெலும்பு முறிந்து, சரியாகக் கூடாமல் விட்டுப்போனது. இடது தோள் இரண்டு விரல்கடை இறங்கியே இருக்கும். அவர் சட்டைகளுக்கு இடது தோளில் உள்ளே ஒரு துணியை மடித்து நானே தைத்துக் கொடுப்பேன். வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆயிரம் பேர் நடுவில் முதுகைக் காட்டி நின்றாலும் அவரைக் கண்டுபிடித்துவிடுவேன்.

பரிசோதனை நடக்கும் ஹால் தரைக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு கனமான கதவு. பீம் ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்கே சாகாமல் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் வாழ வேண்டும். அதனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாவிப் பலகை. எட்டுக் கொக்கி, எட்டுச் சாவி. உள்ளே போகிறவர் ஆளுக்கொரு சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எட்டும் பலகைக்குத் திரும்பினால்தான் பீம் கிளம்பும். என் கணவருடையது ஏழாம் எண். என்னுடையது ஐந்து.

அதோடு முடியாது. கடைசியாக ஒருவர் ஹால் முழுக்க நடந்து, ஒவ்வொரு மூலையிலும் இருக்கும் பொத்தானை அழுத்தி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்ட வேண்டும். இதற்குத் தேடுதல் என்று பெயர்.

என் கணவர் இதில் ஒழுங்கானவர்தான், பீம் உள்ள நாட்களில். பீம் இல்லாத நாட்களில் சாவி எடுக்க மாட்டார். நான் கேட்டால் சிரிப்பார்.

"வண்டியே இல்லாத ரோட்டுல சிக்னலுக்கு நிக்கச் சொல்றியா?"

"ஒரு சாவி எடுத்தா பை கிழிஞ்சுடுமா?"

"விடு தங்கச்சி, கொக்கு ஒத்தக் கால்ல நிக்கும், சிக்னல்ல நிக்காது" என்பார் டிரைவர்.

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கொடுத்த நாட்களில் கடைசி நாள். மாலை ஆறு மணிக்குப் பீமை வேறு குழுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். திரும்ப வரிசையில் நின்றால் மூன்று வருஷம் ஆகும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தேடுதலை நான்தான் செய்தேன். எல்லா மூலைக்கும் போனேன். எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். குரல் கொடுத்தேன். கதவைப் பூட்டினேன். பலகையில் எட்டுச் சாவியும் இருந்தன.

ஏழாம் எண் சாவி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் இப்போதுதான் மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கட்டுப்பாட்டு அறைக்குப் போனபோது, அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் ஹால் பக்கமே போகவில்லை.

2.15. பீம் வந்தது.

இங்கே அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகட்டிலிருந்து தெறிக்கும் நியூட்ரான்கள் நேராகப் பறந்து ஹாலின் கோடியில் இருக்கும் ஒரு சுவரில் போய் மோதும். செங்கல் சுவரல்ல. பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஆளுயரத்துக்கும் மேலே அடுக்கியது. நியூட்ரான் மோதிய இடத்தில் பட்டைக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னும். அது என் திரையில் ஒரு புள்ளியாக விழும். எங்கள் அணுக்கரு அரிது என்பதால் புள்ளிகளும் மெதுவாகத்தான் விழும். மழை தொடங்கும்போது தரையில் சொட்டுகள் விழுந்து, தரை கொஞ்சம் கொஞ்சமாக நனைவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் இருக்கும். கால் மணி நேரம் போனால் திரை முழுக்க நனைந்துவிடும்.

அன்றைக்கு நனைந்தது. நடுவில் ஓரிடத்தைத் தவிர.

"என்னங்க, எல்லாப் பட்டைக்கும் வோல்டேஜ் சரியா இருக்கா?"

"காலையில இங்கிருந்தே பார்த்தேன். ஏன்?"

"நடுவுல ஒரு ஓட்டை."

என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். "அடுப்புல இப்பதான் வெச்சிருக்கோம். அதுக்குள்ள உப்பு பத்தலைன்னா எப்படி? புள்ளி சேரட்டும்."

சேர்ந்தது. ஓட்டை மூடவில்லை. ஓரங்கள்தான் தெளிவாகின. கீழே அகலம். மேலே போகப் போகக் குறுகல். உச்சியில் ஒரு உருண்டை.

இரும்புத் தகட்டைக்கூடத் துளைத்துக்கொண்டு போகும் நியூட்ரான், இரண்டு சாண் தண்ணீர் குறுக்கே நின்றால் தடுமாறிவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

சுவருக்கு முன்னால் தண்ணீர் நிறைந்த ஏதோ ஒன்று நிற்கிறது.

"அண்ணே, பீமை நிறுத்துங்க."

"என்ன தங்கச்சி?"

"உள்ள ஆள் இருக்கு."

டிரைவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நிறுத்திவிட்டார். பிறகுதான் கேமராவைப் பார்த்தார். ஹால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுவருக்கு முன்னால் வெறும் சிமெண்டுத் தரை.

"யாரும் இல்லையே. எட்டு சாவியும் இருக்கு. நீதானே தேடின?"

நான்தான் தேடினேன். அதுதான் பயம். என் கையால் ஒரு ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனா?

நானும் என் கணவரும் சாவி எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். ஒவ்வொரு மூலையும் பார்த்தோம். காந்தத்துக்கு அடியில். பம்புகளுக்குப் பின்னால். கேபிள் குழிக்குள் டார்ச் அடித்து. யாரும் இல்லை.

சுவருக்கு முன்னால் அவர் போய் நின்றார். நான் பத்தடி தள்ளியே நின்றுவிட்டேன்.

"பாரு. ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு நெஞ்சைத் தடவினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஏதோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி." சுற்றிலும் பார்த்தார். அவரைச் சுற்றிப் பத்து பேர் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. "மூச்சு... சரியா வரல. வா, போகலாம்."

3.05. மறுபடி பீம். திரையில் பழைய புள்ளிகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். சில பட்டைகளின் வோல்டேஜை அவர் கூட்டி வைத்திருந்தார். பட்டைதான் கோளாறு என்றால் இந்த முறை படம் மாற வேண்டும்.

மாறியது. தெளிவாகியது.

தலை. கழுத்து. தோள்கள்.

என் கணவர் எனக்கு இடதுபக்கம், என் நாற்காலியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். டிரைவர் பின்னால் நின்றிருந்தார்.

திரையில் இருந்த ஆளுக்கு ஒரு தோள் இறங்கியிருந்தது.

இடது தோள்.

இரண்டு விரல்கடை.

நான் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் இருக்க மாட்டாரோ என்று தோன்றியது. மெதுவாகக் கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. இருந்தார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"ம்."

"அது..."

"நான் இங்கதானே இருக்கேன்" என்றார். குரல் அவர் குரலாக இல்லை.

அப்போது மணி 3.20. அது நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அப்போதுதான் அது கேட்டது.

டக்.

ஹாலுக்குள் ஒரு மைக் உண்டு. அதன் ஸ்பீக்கர் டிரைவரின் மேஜை மேல். எப்போதும் பம்பின் முனகல் மட்டும்தான் அதில் கேட்கும்.

டக்... டக்.

இரும்பால் கான்கிரீட்டைத் தட்டுகிற சத்தம்.

டக். டக். டக்.

டிரைவர் பாய்ந்துபோய்ப் பீமை நிறுத்தினார். "யாருய்யா உள்ள?" என்று மைக்கில் கத்தினார். பதில் இல்லை. தட்டல்தான் வேகமாகியது.

நானும் என் கணவரும் மறுபடி ஓடினோம். சாவி. கதவு. உள்ளே.

அமைதி.

பம்பின் முனகல் மட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். தட்டல் இல்லை.

"நின்னுடுச்சு அண்ணே" என்று என் கணவர் அங்கிருந்த போனில் சொன்னார்.

டிரைவரின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"நிக்கல தம்பி. இப்பவும் கேக்குது."

"இங்க ஒண்ணும் கேக்கலையே."

"இங்க கேக்குது. மைக்குக்குப் பக்கத்துலயே. நீங்க நிக்கிற இடத்துலதான்."

மைக் சுவரின் சட்டத்தில்தான் மாட்டியிருந்தது. என் கணவரின் தோளுக்கு ஒரு முழம் மேலே.

அவர் அசையவில்லை.

நானும்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. அவர் பிறகு போனில் கேட்டது நினைவிருக்கிறது.

"இன்னும் கேக்குதா அண்ணே?"

"கேக்குது. மெதுவா."

...

"இப்ப?"

"எப்பவாவது ஒண்ணு."

...

"அண்ணே?"

"நின்னுடுச்சு" என்றார் டிரைவர்.

மணி 3.47.

வெளியே வந்தோம். பூட்டினோம். நான் வீட்டுக்குப் போகலாம் என்றேன். என் கணவர் தண்ணீர் குடித்தார்.

"ரெண்டு தடவை தேடியாச்சு. உள்ள ஆள் இல்ல. மூணு வருஷம் காத்திருந்தது இந்த ரெண்டு மணி நேரத்துக்குத்தான். ஓட்டுங்க அண்ணே."

"எனக்குப் பிடிக்கல தம்பி."

"எனக்கும்தான் பிடிக்கல."

டிரைவர் பீமை ஓட்டினார். நான் திரையைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன்.

நின்றுகொண்டிருந்தது. அதே இடம். ஆனால் இப்போது வலது கை மேலே தூக்கியிருந்தது. எதையோ ஓங்கித் தட்டப்போகிற மாதிரி. தூக்கிய கை இறங்கவேயில்லை. தலைதான் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

என் கணவர் கையை நீட்டித் திரையை அணைத்தார். தகவல் மட்டும் உள்ளே பதிவாகட்டும் என்று விட்டுவிட்டார். ஆறு மணிவரை மூன்று பேரும் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தும் நாங்கள் அதைப் பேசவில்லை. அன்று ராத்திரி அவர் சட்டையைக் கழற்றிப் போட்டபோது, இடது தோளில் நான் தைத்த துணி பிரிந்து தொங்கியது. மறுநாள் தைக்கலாம் என்று எடுத்து வைத்தேன்.

அடுத்த மாதம். முடுக்கிக்கு ஓய்வு விட்டிருந்தார்கள். பீம் இல்லை. சுவரில் நடுப் பட்டைகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பட்டையில்தான் கோளாறு என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொள்ள விரும்பினார் என்று நினைக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

சாவி எடுக்கவில்லை.

சுவருக்கு முன்னால் தண்டவாளத்தில் ஓடும் கனத்த கான்கிரீட் தடுப்பு ஒன்று உண்டு. பீம் ஓடும்போது அதை ஓரமாக ஒதுக்கி வைப்போம். ஓய்வு நாட்களில் சுவரைப் பாதுகாக்க முன்னால் இழுத்து மூடிவிடுவோம். அதை நகர்த்தும் பொத்தான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தது. அன்று மூடியது டிரைவர். மூடும் முன் சாவிப் பலகையைப் பார்த்தார். எட்டுச் சாவியும் இருந்தன. கேமராவையும் பார்த்தார். என் கணவர் கழற்றி வைத்த பட்டைகளுக்குப் பின்னால் குனிந்திருந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

நான்கு மணிக்குத் தேநீருக்கு அவரைத் தேடினேன். பலகையில் ஏழாம் எண் சாவி இருந்தது. உள்ளே இல்லை, வேறெங்கோ போயிருக்கிறார் என்று நானும் நினைத்தேன்.

தடுப்பைத் திறந்தபோது மணி ஆறைத் தாண்டிவிட்டது. என்னைக் கதவிலேயே பிடித்து நிறுத்திவிட்டார்கள். உள்ளே விடவில்லை. எவ்வளவோ கெஞ்சினேன்.

நின்றபடியே இருந்தாராம்.

வலது கை மேலே. கையில் ஸ்பேனர்.

சில வாரங்கள் கழித்து டிரைவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா நான் செத்துருவேன்."

"சொல்லுங்க அண்ணே."

"தடுப்பு மோட்டார்ல நேரம் பதிவாகும். மூடினது மூணு இருபது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் கிட்ட கேட்டேன். உடனே போகலையாம். கொஞ்ச நேரம் இருந்திருக்கும்னாரு. நெஞ்சு நசுங்கினதால கத்த முடிஞ்சிருக்காது. கைதான் மேல இருந்துச்சு. தட்டியிருக்கான். கான்கிரீட்டுல அடையாளம் இருக்கு, நானே பார்த்தேன். மைக்குக்குப் பக்கத்துல."

"உங்களுக்குக் கேக்கலையா அண்ணே?"

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"அந்த ஞாயித்துக்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டதுக்கு அப்புறம்... என்னால அந்த ஸ்பீக்கர் பக்கத்துல உக்கார முடியல. அன்னைக்கே அணைச்சுட்டேன். திருப்பிப் போடவே இல்ல."

போய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கோபமில்லை. மூவராக இருந்தபோது முடிந்தது இருவராக முடியவில்லை, அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

நான்கு வருஷம் கழித்து அந்தத் தகவலை மறுபடி திறந்தேன். என் கணவர் பெயரில் ஒரு கட்டுரையாவது வெளிவர வேண்டும் என்ற ஆசை. பட்டை பட்டையாகத் திருத்தி, படத்தை இன்னும் கூர்மையாக்கினேன். அவர் திரையை அணைத்துவிட்ட பிறகு பதிவான பகுதிக்கு வந்தேன். யாரும் பார்க்காத பகுதி.

நிழல் நின்றது. கை மேலே. எதிர்பார்த்ததுதான். அழுதேன், ஆனால் பயப்படவில்லை.

பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன்.

இன்னொன்று இருந்தது.

மங்கலாக. கடைசிச் சில நிமிடங்களில் மட்டும். உயரம் குறைவு. அவர் தோளைக்கூட எட்டாதது. ஒரு கையை உயர்த்தி, அவருடைய தூக்கிய கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு நிதானமாக அளந்தேன். இல்லை. என் உயரம் அவர் தோளுக்கு வரும். நான் நேராக நிற்பவள். இது இடதுபக்கம் சாய்ந்து, கூன் விழுந்த மாதிரி நின்றது. இடது முழங்கை உடம்பை விட்டு விலகி, கீழே எதையோ ஊன்றியிருந்தது. ஏதோ ஒரு வயதான பெண். யாரோ.

யாரோ என்பதில் அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியில் இரண்டு வருஷம் ஓடியது.

சென்ற மாதம் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. இனி ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் ஒரு கைத்தடி கொடுத்தார். இடது கைக்கு. வீட்டில் பெரிய கண்ணாடி கிடையாது. மருத்துவமனையிலிருந்து கிளம்பிய அன்று லிஃப்ட்டுக்காக நின்றேன். பளபளவென்ற இரும்புக் கதவு. அதில் ஒரு பெண் நின்றாள்.

இடதுபக்கம் சாய்ந்து.

முழங்கை விலகி.

லிஃப்ட் வந்து, திறந்து, மூடி, போய்விட்டது. நான் ஏறவில்லை.

நேற்று மதியம் போன் வந்தது. ரேடியோ சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. டிரைவர். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் குரல். ஓய்வு பெறும் வயது தாண்டியும் அவரை அங்கேயே வைத்திருக்கிறார்களாம்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே."

"சுவரை மறுபடி நிறுத்தியிருக்காங்க. அதே இடத்துல. இன்னைக்குப் பீம் விடணும்." குரலைத் தாழ்த்தினார். "நீ இந்தப் பக்கம் வந்தியா?"

"இல்லையே. நான் வீட்டை விட்டே வெளிய வரல. ஏன்?"

"வராத. யார் கூப்பிட்டாலும் வராத."

"ஏன் அண்ணே?"

பின்னால் அந்தப் பம்பின் முனகல் கேட்டது. ஸ்பீக்கரை மறுபடி போட்டிருக்கிறார்.

"உன் அஞ்சாம் நம்பர் சாவி" என்றார். "காலையில இருந்து ஆடிக்கிட்டே இருக்கு."